பார்த்துப் போட்ட கால்

அந்த வருஷம் ஜூன் மாதம் முழுக்க மழை விடவில்லை. ஆக்லாந்தின் கிளென் ஈடனில் கொடியில் போட்ட துணி எதுவும் காயாததால் காந்திமதி தன் ஆஸ்பத்திரிச் சீருடைகளைச் சமையலறைக்குள்ளேயே கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் அவள் புருஷன் டெரிக் ஹோல்ராய்ட் அந்தச் சீருடைகளுக்கு அடியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பூட்ஸுக்குக் கொழுப்புத் தடவுவார். ஒனிஹங்காவில் அவர் வேலை செய்த கம்பளி கழுவும் ஆலையில் ஆட்டு ரோமத்திலிருந்து வடிகிற கொழுப்பு அது. தகர டப்பாவில் எடுத்து வருவார். பகலெல்லாம் இரும்புக் கொக்கியால் பொதிகளைப் புரட்டிப் போடுகிறவரின் உள்ளங்கை அந்தக் கொழுப்பினால் குழந்தைக் கை மாதிரி மெத்தென்று இருக்கும். முகம் அப்படி இல்லை. இரண்டு தரம் உடைந்த மூக்கு, இடது புருவத்தின் குறுக்கே தையல், முன்பல் நாலும் கட்டியவை.

நாற்பது வயதாகிவிட்டது. இன்னும் சனிக்கிழமை தவறாமல் ஆடிக்கொண்டிருந்தார்.

வடக்கு இங்கிலாந்தில், பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த ஓர் ஊரின் கால்பந்துக் கழகத்தில் பதினேழு வயதில் சேர்ந்தவர் அவர். நான்காம் டிவிஷன். அதற்குக் கீழே டிவிஷன் இல்லை. அங்கேயே பதினான்கு வருஷம், இடது பக்கத் தற்காப்பு. முந்நூற்று எழுபத்து நாலு ஆட்டங்கள். எதிரணி வலைக்குள் நாலு கோல் போட்டார். தன் அணி வலைக்குள்ளேயே ஆறு போட்டுவிட்டார். இதை அவரே சொல்லிச் சிரிப்பார். முழங்காலில் ஊசி போட்டுக்கொண்டு ஆடிய ஆட்டங்கள் எத்தனை என்று அவருக்கே நினைவில்லை. முப்பத்தொரு வயதில், ஒரு மே மாதம், இனி நீங்கள் தேவையில்லை என்று கழகத்திலிருந்து கடிதம் வந்தது. அடுத்த வருஷம் ஆக்லாந்திலிருந்து ஒரு சின்னக் கழகம் பத்திரிகையில் விளம்பரம் போட்டிருந்தது. ஆட ஆள் வேண்டும், வேலை பார்த்துத் தருகிறோம் என்று. மனைவியையும் நாலு வயது மகளையும் கூட்டிக்கொண்டு விமானம் ஏறினார்.

காந்திமதி கிள்ளானில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் நர்ஸ் படிப்புக்காக இங்கிலாந்து போனவள். எலும்பு வார்டில் பயிற்சியில் இருந்தபோது கெவின் என்ற எதிரணி ஆட்டக்காரன், இருபது வயதுகூட ஆகாதவன், கால் இரண்டாக உடைந்து அங்கே கிடந்தான். அவன் காலை உடைத்தவர் வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை திராட்சைப் பொட்டலத்தோடு வந்து, கட்டிலருகே அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போனார். அப்படி வந்த டெரிக்கைத்தான் அவள் கட்டிக்கொண்டாள். வெள்ளைக்காரனைக் கட்டினாள் என்று அப்பா நாலு வருஷம் கடிதம் போடவில்லை. அம்மாவுக்கு அவள் எழுதினாள்: 'தெரியாம ஒரு ஆளுக்குக் காயம் பண்ணிட்டாரு. அதுக்காக ஏழு வாரம் வந்து பாத்தாரு மா. அந்த மாதிரி ஆளு.'

கல்யாணமாகி மூன்றாம் வருஷம், ஓர் ஆட்டம் தோற்றுக் குடித்துவிட்டு வந்த அன்று, டெரிக் அவளிடம் சொன்னார், அது தெரியாமல் நடந்ததில்லை என்று. இருபது நிமிஷத்துக்கு மேல் அந்தப் பையன் மைதானத்தில் இருக்கக் கூடாது என்று மேனேஜர் சொன்னாராம். "பதினெட்டாவது நிமிஷத்துல முடிச்சேன்" என்றார். கெவின் அதற்கப்புறம் ஆடவே இல்லை. காந்திமதி இதை யாருக்கும் எழுதவில்லை. டெரிக்கிடமும் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. சட்டையைத் துவைத்தாள், சோறு போட்டாள், பிள்ளை பெற்றாள்.

வீட்டில் அவர்கள் பேசியது ஆங்கிலம். இங்கே அதைத் தமிழாக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எண்பத்தேழில் ஆக்லாந்தில் தமிழ்க் குரல் கேட்பது அபூர்வம். அதற்கு முந்தின வருஷம், எண்ணெய் தெறித்துக் கை வெந்துபோய் ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு பெண்ணின் பெயர்ச்சீட்டில் புஷ்பவதி என்றிருந்ததைப் பார்த்து, "எரியுதாம்மா?" என்று காந்திமதி கேட்டாள். அந்தப் பெண் கையை விட்டுவிட்டு அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். யாழ்ப்பாணத்துக்காரி. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள். புருஷன் இரத்தினசிங்கம் அங்கே கூட்டுறவுச் சங்கக் கடையில் கணக்கெழுதினவன். இங்கே அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பசை இயந்திரத்தின் முன்னால் எட்டு மணி நேரம் நிற்கிறான். ஒனிஹங்காவில் டெய்ரி என்கிற ஒரு மூலைக்கடைக்குப் பின்னால், பாதி வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். நிரந்தரமாகத் தங்க விண்ணப்பம் போட்டபோது, இவர்களுக்கு நாங்கள் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டவர்கள் டெரிக்கும் காந்திமதியும்தான். விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு குடும்பமும் ஒன்றாகச் சாப்பிடும். இரத்தினசிங்கம் ஊரில் விளையாட்டுக் கழகத்தில் ஆடினவன், வலது ஓரத்தில் ஓடுகிறவன். டெரிக்கின் முந்நூற்று எழுபத்து நாலு ஆட்டங்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குகிற ஒரே மனிதன் அவன்தான். டெரிக்கை அவன் அத்தான் என்று கூப்பிட்டான். அக்காவின் புருஷன் அத்தான் என்று விளக்கியும் சொன்னான். டெரிக்குக்கு அது பிடித்திருந்தது. ஆலையில்கூட ஒரு தடவை, "எனக்கு இங்கே ஒரு மச்சான் இருக்கிறான்" என்று சொன்னாராம்.

ஜூன் கடைசிச் சனிக்கிழமை டெரிக்கின் கழகமும் இரத்தினசிங்கத்தின் தொழிற்சாலை அணியும் மோதின. காந்திமதியும் புஷ்பவதியும் கோட்டுக்கு வெளியே ஒரே குடைக்கடியில் நின்றார்கள். புஷ்பவதிக்கு ஆறு மாதம். காந்திமதியின் மகள், பன்னிரண்டு வயது சாரா, மழைக்கோட்டுத் தலையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் நின்றாள். பாட்டியின் பெயரான சரோஜாதேவியைத்தான் வைத்திருந்தார்கள். அது பள்ளிக்கூடத்தில் சாரா ஆகிவிட்டது.

"அக்கா, இண்டைக்கு நீங்கள் ஆர் பக்கம்?" என்று கேட்டாள் புஷ்பவதி.

"நான் மழை எப்ப நிக்கும்னு பாத்துக்கிட்டிருக்கேன்லா. தேத்தண்ணி ஊத்தவா?"

"ஊத்துங்கோ. இவர் காலமை ஒண்டும் சாப்பிடேல்லை. அத்தானுக்கு முன்னால ஓடோணும் எண்டு விடியவே பூட்ஸைத் துடைக்கத் தொடங்கிட்டார்."

மைதானம் உழுத வயல் மாதிரி கிடந்தது. ஆனால் இரத்தினசிங்கம் அதிலும் ஓடினான். முதல் பாதியில் டெரிக்கை இரண்டு தடவை தாண்டிப் போனான். இடைவேளைக்குப் பிறகு மூன்றாவது தடவை, பந்தை டெரிக்கின் கால்களுக்கு நடுவே தட்டிவிட்டு, சுற்றிக்கொண்டு போய் எடுத்துக்கொண்டான். கோட்டோரம் நின்றவர்கள் சிரித்தார்கள். யாரோ, "கிழவனை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா" என்றார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் டெரிக்கின் கழகத்துக்காரர்கள். இரத்தினசிங்கம் திரும்பி ஓடி வரும்போது அவர் தோளைத் தட்டி, "அத்தான், மெதுவா" என்றான். அதில் கேலி எதுவும் இல்லை. மைதானம் வழுக்குகிறது என்பதைத்தான் சொன்னான்.

அடுத்த பந்தும் அவனிடமே வந்தது. டெரிக் அவனுக்கு நாலடி முன்னால் இருந்தார். காந்திமதி பார்த்தாள். டெரிக் தலையை நிமிர்த்தினார். பந்தைப் பார்க்கவில்லை. இரத்தினசிங்கத்தின் முகத்தைப் பார்த்தார், பிறகு அவன் ஊன்றியிருந்த காலைப் பார்த்தார், பிறகுதான் பாய்ந்தார். சத்தம் குடைக்கடியில் நின்றவர்களுக்கே கேட்டது.

புஷ்பவதி தேத்தண்ணிக் குவளையைக் கையில் பிடித்தபடியே மைதானத்துக்குள் ஓடினாள். ரெஃப்ரி டெரிக்கை வெளியே போகச் சொல்லிக் கையை நீட்டினார். காந்திமதி சேற்றில் மண்டிபோட்டு இரத்தினசிங்கத்தின் முழங்காலுக்குக் கீழே இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, "அசைக்காத தம்பி, அசைக்காத" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் முகம் சாம்பலாகியிருந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்த டெரிக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டெரிக் இல்லாமல் காந்திமதி வீட்டுக்குக் காரோட்டிக்கொண்டு வரும்போது சாரா பின்சீட்டிலிருந்து ஆங்கிலத்தில் சொன்னாள், "அப்பா முதல்ல பாத்தாரு மா. பாத்துட்டுத்தான் போட்டாரு."

"பேசாம வா" என்றாள் காந்திமதி.

இரத்தினசிங்கத்தின் காலில் இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. தகடு வைத்து, தொடையிலிருந்து விரல் நுனி வரை மாவுக்கட்டுப் போட்டார்கள். விபத்துக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது. தொழிற்சாலையும் வேலையை வைத்திருப்பதாகச் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை டெரிக் திராட்சைப் பொட்டலத்தோடு வார்டுக்கு வந்தார். அன்று காந்திமதிக்கு அங்கே வேலை. கட்டிலருகே அவர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்ததைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தவள், கையிலிருந்த மாத்திரைத் தட்டை மேசையில் வைத்துவிட்டுத் துணி அலமாரி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பதினாறு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுதான், இவ்வளவு நல்ல மனிதனா என்று நினைத்தாள். மடித்து வைத்த போர்வைகளுக்கு நடுவே நின்றபோது, தன் முகம் சுடுவது அவளுக்கே தெரிந்தது.

ரெஃப்ரி கடுமையாக எழுதியிருந்தார். கால்பந்துச் சங்கம் விசாரணை வைத்தது. ஆயுள் முழுக்க மைதானத்தில் கால் வைக்க முடியாதபடி தடை வரலாம் என்றார்கள். அடுத்த பருவத்திலிருந்து டெரிக்கைப் பயிற்சியாளராக வைப்பதாகக் கழகம் பேசி முடித்திருந்த சமயம். முழங்கால் இரண்டும் இன்னொரு வருஷம் தாங்காது என்று அவருக்கே தெரியும். இந்தப் பயிற்சி வேலையும் போய்விட்டால் கம்பளிப் பொதிகளைத் தவிர வேறொன்றும் இல்லை.

கழகச் செயலாளர் நோயல் ஒரு புதன்கிழமை வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், எப்போதும் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். "அடிபட்டவரே நாலு வரி எழுதிக் கொடுத்தா விஷயம் முடிஞ்சுது. தற்செயலா நடந்ததுன்னு. உங்க ஜனம்தானே காந்தி, நீங்க பேசினா கேப்பார்" என்று தட்டச்சு செய்த ஒரு தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அந்தத் தாள் இரண்டு நாள் உப்புக் குடுவைக்கு அடியில் கிடந்தது. வெள்ளிக்கிழமை டெரிக் பூட்ஸை எடுக்கவில்லை. ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

காந்திமதி கேட்டாள், "பாத்துத்தான் போட்டீங்களா?"

"பந்தைத்தான் பாத்தேன்."

"என்னைப் பாத்துச் சொல்லுங்க."

அவர் அவளைப் பார்த்தார். "பந்தைத்தான் பாத்தேன், காந்தி."

மைதானத்தில் அவர் தலையை நிமிர்த்தினது அவள் கண்ணிலேயே நின்றது. அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் அவள் தலையாட்டினாள். வீட்டு மார்ட்கேஜ், சாராவின் பள்ளிக்கூடம், கிள்ளானுக்கு அவள் எழுதிய கடிதங்கள் எல்லாம் அந்தத் தலையாட்டலில் இருந்தன. தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஒனிஹங்காவில் தண்ணீர் வற்றி, மனுக்காவ் கடலின் சேற்று நாற்றம் தெருவரைக்கும் வந்திருந்தது. முன்னறையில் மெத்தையைத் தரையில் போட்டு இரத்தினசிங்கத்தைப் படுக்க வைத்திருந்தார்கள். கட்டுப் போட்ட காலுக்கடியில் இரண்டு தலையணை. மண்ணெண்ணெய் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. புஷ்பவதி வயிற்றைத் தூக்கிக்கொண்டு எழுந்து, உலர்தேங்காய்ப் பூவைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டுச் சம்பல் இடித்தாள்.

"பாணும் சம்பலும்தான் அக்கா. வேற ஒண்டும் செய்யேல்லை."

"எனக்கு எதுக்கு இதெல்லாம். உக்காரு புஷ்பா, கால் வீங்கியிருக்கு பாரு."

"பிள்ளை பிறந்தா எல்லாம் சரியாப் போயிடும். அத்தான் வரேல்லையோ?"

"வேலை" என்றாள் காந்திமதி. அன்று சனிக்கிழமை. ஆலை மூடியிருக்கும் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

இரத்தினசிங்கம் மெத்தையில் சாய்ந்தபடி, "அக்கா, உங்கட டாக்குத்தர் என்ன சொல்லுறார்? திரும்பி ஓடலாமோ?" என்று கேட்டான்.

"நடக்கலாம்னு சொல்றாரு தம்பி. ஓடுறது அப்புறம்தான் தெரியுமாம்."

"ஓம். நடந்தாலே காணும். மிசின் அடியில ஓடத் தேவையில்லைத்தானே."

அவள் பாண் ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டு வாயில் வைத்தாள். தேத்தண்ணியைக் குடித்து உள்ளே தள்ளினாள். பிறகு கைப்பையைத் திறந்தாள்.

"தம்பி, ஒரு விஷயம். கழகத்துல ஒரு கடிதாசி கேக்குறாங்க. தற்செயலா நடந்ததுன்னு. நீங்க கையெழுத்துப் போட்டா அவருக்குத் தடை வராதாம். உங்களுக்கு மனசு இல்லன்னா வேணாம். நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

சொல்லி முடித்ததும், கடைசி இரண்டு வாக்கியத்தையும் தான் காரில் வரும்போதே யோசித்து வைத்திருந்தது அவளுக்கு உறைத்தது.

புஷ்பவதி புருஷனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. "விளையாட்டெண்டா இப்பிடித்தானே அக்கா. தாருங்கோ" என்று கையை நீட்டினான். ஒரு வரி விடாமல் படித்தான். கணக்கெழுதினவன் அல்லவா, எழுத்து முத்து முத்தாக இருந்தது. கையெழுத்துக்குக் கீழே தேதியும் போட்டான். "இதைக் குடுத்திட்டு அத்தானை வரச் சொல்லுங்கோ. கதைக்க ஆளில்லாமல் கிடக்கிறன்."

விசாரணையில் அந்தத் தாளைப் படித்துப் பார்த்துவிட்டு, நாலு வாரத் தடையோடு விட்டார்கள். டெரிக் அன்று மீனும் சிப்ஸும் வாங்கிக்கொண்டு வந்தார். சாரா தன் பங்கைத் தட்டில் எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். இரண்டு பேரும் செய்தித்தாளை விரித்து, நடுவில் இருந்த மீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"நன்றி" என்றார் டெரிக்.

"அதை என்கிட்ட சொல்லாதீங்க."

அதற்கப்புறம் மூன்று ஞாயிற்றுக்கிழமை காந்திமதி ஒனிஹங்கா போகவில்லை. கூடுதல் வேலை கேட்டு வாங்கிக்கொண்டாள். நாலாவது ஞாயிறு, புஷ்பவதியைக் கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு யார் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்ற நினைப்பு வந்து, அன்றே போனாள். இரத்தினசிங்கம் முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்தான். சமையலறையில் புஷ்பவதி மா வறுத்துக்கொண்டிருந்தாள். பாக்கெட் அரிசிமாவைச் சட்டியில் போட்டு, கருகாமல், அகப்பையை விடாமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். காந்திமதி அகப்பையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

"புஷ்பா, அது தற்செயலா நடந்ததில்ல. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் கடிதாசியும் கொண்டு வந்தேன்."

புஷ்பவதி முக்காலியில் உட்கார்ந்து கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை நிற்கவில்லை.

"எங்களுக்குத் தெரியும் அக்கா."

காந்திமதி திரும்பினாள்.

"மா கருகப்போகுது, கிண்டுங்கோ" என்றாள் புஷ்பவதி. "ஆஸ்பத்திரியில மயக்கம் தெளிஞ்ச உடன இவர் சொன்னவர். அத்தான் என்ர முகத்தைப் பாத்துத்தான் காலைப் போட்டவர் எண்டு. ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டும் சொன்னவர்."

"அப்புறம் ஏன் கையெழுத்துப் போட்டீங்க? வேணாம்னா விட்டுருங்கன்னு நான் சொன்னேன்ல?"

"சொன்னனீங்கள்தான்." புஷ்பவதி நிதானமாகவே சொன்னாள். "எங்கட பேப்பரில உங்கட ரெண்டு பேற்ற கையெழுத்தும் கிடக்குது. நீங்கள் ஒரு தாளோட வாறீங்கள். நாங்கள் என்னண்டு மாட்டம் எண்டு சொல்லுறது? இந்த ஊரில எங்களுக்கு வேற ஆர் இருக்கினம் அக்கா?"

சட்டியிலிருந்து கருகின வாடை வந்தது. காந்திமதி அடுப்பை அணைத்தாள். அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போட்ட அன்று புஷ்பவதி பாயசம் காய்ச்சினது, அதைத் தான் இரண்டு கிண்ணம் குடித்தது எல்லாம் அவள் நினைவுக்கு வந்தது. அந்தப் பாசத்தை நம்பித்தான் போனோம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். போய் நின்றது அந்தக் கையெழுத்தின் பலத்தில்.

"நான் அவரைச் சங்கத்துல போய் உள்ளதைச் சொல்லச் சொல்றேன் புஷ்பா. நாளைக்கே."

புஷ்பவதி சட்டென்று எழுந்தாள். முதல் தடவையாக அவள் குரல் கூடியது. "வேண்டாம் அக்கா. அது மட்டும் செய்யாதேங்கோ. நாங்கள் பொய் எழுதிக் கையெழுத்து வச்சனாங்கள் எண்டு வந்திடும். பொய் சொன்ன ஆக்களுக்கு ஆர் ரெசிடன்சி குடுப்பினம்? திருப்பி அனுப்பினா எங்க போறது, சொல்லுங்கோ. ஊரில இப்ப நடக்கிறதெல்லாம் நீங்களும் பேப்பரில பாக்கிறனீங்கள்தானே. அத்தானுக்கு மனசு ஆறோணும் எண்டு எங்களால திரும்பிப் போக ஏலாது."

முன்னறையிலிருந்து இரத்தினசிங்கம், "புஷ்பா, ஆர் வந்தது?" என்று குரல் கொடுத்தான்.

"அக்கா" என்றாள் புஷ்பவதி.

அன்று வீடு திரும்பினதும் காந்திமதி எல்லாவற்றையும் டெரிக்கிடம் சொன்னாள். அவர் கொல்லைப்புறப் படியில் உட்கார்ந்து கேட்டார். அவனுக்குத் தெரியும் என்று அவள் சொன்ன இடத்தில் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். கையை எடுத்ததும், "நான் போய்ச் சொல்லிடறேன். என்ன தடை வேணா போடட்டும்" என்றார்.

அது ஏன் கூடாது என்று புஷ்பவதி சொன்ன காரணத்தை அவள் சொன்னாள்.

"அப்ப நான் என்னதான் செய்யறது?"

"ஒண்ணும் செய்ய முடியாது. இப்படியே இருக்க வேண்டியதுதான். ரெண்டு பேரும்."

"கெவினுக்காவது மேனேஜர் சொல்லிச் செஞ்சேன். இதை யாரும் சொல்லல. அவன் என் தோளைத் தட்டினான். அவ்வளவுதான். எல்லாரும் சிரிச்சாங்க, அவன் தோளைத் தட்டினான்." அவர் தன் மெத்தென்ற உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "என்னால வேகமா ஓட முடியாது, காந்தி. ஒருநாளும் முடிஞ்சதில்ல. பதினாலு வருஷம் என்னை வச்சுக்கிட்டதே இதுக்குத்தான்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கையைப் பிடிக்கவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை.

அடுத்த வாரம் டெரிக் நோயலிடம் போய்ப் பயிற்சியாளர் வேலை வேண்டாம், இனி ஆடப்போவதும் இல்லை என்று சொல்லிவிட்டார். முழங்கால் என்று காரணம் சொன்னார். நோயல் நம்பவில்லை. தற்செயலாக நடந்ததற்காக மனுஷன் ஆட்டத்தையே விட்டுவிட்டான், இவனல்லவா உண்மையான விளையாட்டு வீரன் என்று கழகம் முழுக்கச் சொன்னார். பருவம் முடிகிற விருந்தில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். டெரிக் பீர்க் குவளையை மேசையில் வைத்துவிட்டு, தலையைத் தூக்காமல், கைதட்டல் ஓயும் வரை நின்றார். காந்திமதியும் எழுந்து நிற்க வேண்டியிருந்தது. அவளும் கைதட்டினாள்.

செப்டம்பரில் புஷ்பவதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதற்கடுத்த மாதம் இரத்தினசிங்கம் மாவுக்கட்டு எடுத்து, ஊன்றுகோலை விட்டு, தொழிற்சாலைக்குத் திரும்பினான். வலது கால் கொஞ்சம் உள்பக்கம் திரும்பி விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு மறுபடி தொடங்கியது. ஆனால் புஷ்பவதி சமைத்ததை டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து, திரும்பிப் போகும்போது டப்பாக்களைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு போனாள். முன்பெல்லாம் அப்படியே விட்டுவிட்டுப் போவாள்.

நவம்பரில் ஒரு ஞாயிறு வானம் வெளுத்திருந்தது. சாப்பிட்டானதும் இரத்தினசிங்கம் கொல்லையில் கிடந்த பந்தை எடுத்துக் காலால் உருட்டிப் பார்த்தான்.

"அத்தான், வாங்கோ. கால் எப்பிடியிருக்குது எண்டு பாப்பம்."

டெரிக் படியிலிருந்து இறங்கி வந்தார். புல் சமீபத்தில்தான் வெட்டியிருந்தது. காந்திமதி சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். புஷ்பவதி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

இரத்தினசிங்கம் பந்தோடு வந்தான். டெரிக் ஒதுங்கினார். பந்து வேலியில் போய் மோதியது. அவன் எடுத்துக்கொண்டு மறுபடி வந்தான். டெரிக் மறுபடி ஒதுங்கினார். நாலாவது தடவை இரத்தினசிங்கம் பந்தின் மேல் காலை வைத்து நிறுத்தினான்.

"மறியுங்கோ அத்தான். இப்பிடி விட்டா எனக்கு என்னண்டு தெரியும், கால் சரியோ இல்லையோ எண்டு?"

டெரிக் சொன்னார், "நான் பாத்துத்தான் போட்டேன், ரத்தினம்."

"தெரியும். இப்ப மறியுங்கோ."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. சிரித்தும் சொல்லவில்லை. பந்தைத் தட்டிக்கொண்டு நேராக வந்தான். டெரிக் முழங்காலை மடக்கி, கைகளை விரித்து, முந்நூற்று எழுபத்து நாலு ஆட்டங்களில் நின்ற மாதிரியே நின்றார். காந்திமதியின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது. பந்து அவர் காலுக்கு ஓரடி தூரத்தில் போனது. அவருடைய இடது கால் தரையிலிருந்து எழும்பவில்லை. அவர் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இரத்தினசிங்கம் கொஞ்சம் காத்திருந்தான். பிறகு படியில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்த சாராவைக் கூப்பிட்டான். "பிள்ளை, நீ வா. நீ மறி."

சாரா அப்பாவைப் பார்த்தாள். புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தாள். இரண்டாவது தடவையே அவன் காலில் படாமல் பந்தைத் தட்டிப் பறித்துவிட்டாள். புஷ்பவதி ஜன்னலுக்குப் பின்னால் மெதுவாகச் சிரித்தாள்.

டெரிக் வேலியோரம் போய் நின்றார். பந்து அவர் பக்கம் உருண்டு வந்தபோதெல்லாம், குனிந்து, கையால் எடுத்துக் கொடுத்தார்.